பால் கேனும் பல்கலைக்கழகமும்

ஒரு பல்கலைக்கழகம் தன் அறிவியல் ஆராய்ச்சியைப் பொதுமக்களோடு பகிர்ந்துகொள்வது என்றால், ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகக் கதவுகளைத் திறந்துவைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நுண்ணோக்கியைக் காட்டுவதும், பேராசிரியர்கள் பொது அரங்கில் எளிய நடையில் உரையாற்றுவதும்தான் என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. அவை வேண்டியவையே. ஆயினும் அமெரிக்காவின் வடபகுதியில் உள்ள விஸ்கான்சின் மாநிலத்தில், மாடிசன் நகரில் 1848-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் பார்த்தால், அந்தப் பணி இதைவிட மிக அகன்றது என்பதும், சில இடங்களில் கடும் பிணக்குக்கு இடமளிப்பது என்பதும் விளங்கும். அங்கே ஆய்வு முடிவுகள் மாட்டுக்கொட்டகை வரை சென்றதைப் போலவே மாட்டுக்கொட்டகையின் கேள்விகளும் ஆய்வகத்துக்கு வந்தன. கண்டறிந்தது யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது. மாநில அரசின் வரவுசெலவுத் திட்டத்தில்கூட இந்தப் பகிர்தல் கொள்கை ஒருமுறை அடிபட இருந்து தப்பியது.

இதற்கெல்லாம் அடித்தளமாக அமைந்தது ஒரு சட்டம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862-ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட மோரில் சட்டம், நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்கள் இருந்தார்களோ அத்தனைக்கும் தலா 30,000 ஏக்கர் என்ற கணக்கில் அரசு நிலத்தை அந்த மாநிலத்துக்கு வழங்கியது. அந்நிலத்தை விற்ற பணத்தைக் கொண்டு வேளாண்மையையும் பொறியியலையும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாறு வளர்ந்த நிறுவனங்களே நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள் எனப்படுகின்றன. 1887-இல் வந்த ஹேட்ச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நடத்த ஆண்டுக்கு 15,000 டாலர் ஒதுக்கியது. இவ்வாறு கொடையளிக்கப்பட்ட நிலம் முன்பு யாருடையதாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மாடிசன் வளாகம் அமைந்திருக்கும் மண்ணே, ஹோ-சங்க் என்னும் பழங்குடி மக்கள் 1832-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி விட்டுக்கொடுக்கும்படி நெருக்கப்பட்ட மண்தான். பொதுமக்களுக்கான பல்கலைக்கழகம் என்ற பெருமிதப் பேச்சில் அந்த மக்கள் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஸ்கான்சின், கோதுமை விளைச்சலில் முன்னணியில் நின்ற மாநிலங்களுள் ஒன்று. ஒரே பயிரை ஆண்டுதோறும் போட்டதால் மண்வளம் குன்றியது. சாறு உறிஞ்சும் சின்ச் பூச்சி பயிரை அழித்தது. மேற்கே புதிய சமவெளிகள் உழவுக்கு வந்ததும் விலையும் நிற்கவில்லை. நியூயார்க் பகுதியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கறவை மாட்டுத் தொழிலும் பாலாடைக்கட்டித் தொழிலுமே உழவர்களுக்கு மாற்று வழியாகத் தென்பட்டன. 1885-இல் பால்பண்ணையாளர்களுக்கென ஓர் இதழைத் தொடங்கியவரும், பின்னர் மாநிலத்தின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்ட், கோதுமையை விட்டுப் பசுவைப் பிடியுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிவந்தார். அதே 1885-இல் மாநிலச் சட்டமன்றம் நிதி ஒதுக்க, 'உழவர் பயிலரங்கம்' என்ற பெயரில் பல்கலைக்கழகத்தார் சிற்றூர்களுக்குச் சென்று ஓரிரு நாள் தங்கிக் கூட்டம் நடத்தும் வழக்கம் தொடங்கியது. பனிக்காலத்தில் வயலில் வேலை குறைவு என்பதால், அந்தச் சில வாரங்களில் உழவர் வீட்டு இளைஞர்கள் வளாகத்துக்கு வந்து படித்துத் திரும்பும் குறுகிய காலப் படிப்பும் உருவாயிற்று. பட்டம் இல்லாத அந்தப் படிப்பைத் தொடக்கத்தில் இளக்காரமாகப் பார்த்தவர்கள் வளாகத்தில் இருந்திருக்கக்கூடும். ஆனால் பல்கலைக்கழகத்தின் மீது வரி கட்டும் உழவருக்கு நம்பிக்கை பிறந்தது பட்டப் படிப்புகளால் என்பதைவிட இத்தகைய பணிகளால்தான் என்று சொல்வது பொருந்தும்.

பால் தொழிலுக்கு மாறிய பின் எழுந்த சிக்கல் வேதியியல் சார்ந்தது. பாலாடைக்கட்டி, வெண்ணெய் ஆலைகளில் பல உழவர்களின் பால் ஒன்றாகக் கலக்கப்பட்டு எடையின்படி விலை பங்கிடப்பட்டது. வெண்ணெய் தருவது பாலில் உள்ள கொழுப்பே என்றாலும் அதைக் கணக்கிடும் எளிய வழி ஆலைக்காரரிடம் இல்லை. ஆகவே கொழுப்பு மிகுந்த பாலைக் கொடுத்தவரும், ஆடையை எடுத்துவிட்டுக் கொடுத்தவரும், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவரும் ஒரே விலையைப் பெற்றனர். நேர்மையாக நடந்தவருக்கு அதனால் இழப்புதான் மிஞ்சியது. வேதியியல் ஆய்வகத்தில் கொழுப்பை அளக்கும் முறைகள் இருந்தன என்றாலும், அவற்றுக்குப் பயிற்சி பெற்ற வேதியியலாளரும் மணிக்கணக்கான நேரமும் வேண்டும். கிராமத்துப் பாலாலையில் காலை வேளையில் கேன்களோடு வரிசையில் நிற்கும் உழவர்களிடம் அது நடக்கிற காரியமில்லை.

ஆராய்ச்சி நிலையத்தின் வேதியியலாளர் ஸ்டீபன் மௌல்டன் பாப்காக் இதற்குக் கண்ட வழி, அதன் எளிமைக்காகவே இன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. நீண்ட, அளவுக்கோடுகள் பொறித்த கழுத்துடைய ஒரு கண்ணாடிக் குப்பியில் 17.6 மில்லிலிட்டர் பாலை, அதாவது 18 கிராம் பாலை, ஊற்றி ஏறத்தாழ அதே அளவு அடர் கந்தக அமிலத்தைச் சேர்க்க வேண்டும். அமிலம் பாலின் புரதம் முதலியவற்றைக் கரைத்துவிடும். கொழுப்பை ஒன்றும் செய்யாது. அமிலமும் பாலில் உள்ள நீரும் கலப்பதால் பிறக்கும் சூடே கொழுப்பை உருக்கிவிடும். பின்னர் கையால் சுழற்றும் மையவிலக்குப் பொறியில், அதாவது வேகமாகச் சுழற்றி எடை மிகுந்ததை வெளிப்பக்கமும் எடை குறைந்ததை உட்பக்கமும் ஒதுக்கும் பொறியில், குப்பியை வைத்துச் சுழற்றி, வெந்நீர் ஊற்றி மீண்டும் சுழற்றினால் பொன்னிறக் கொழுப்பு கழுத்துப் பகுதிக்கு ஏறி நிற்கும். கழுத்தில் உள்ள கோட்டைப் பார்த்து, பாலில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று நேரே படித்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் சில நிமிடங்களில் செய்யக்கூடிய சோதனை இது.

1890 ஜூலையில், ஆராய்ச்சி நிலையத்தின் 24-ஆவது அறிக்கையாக இம்முறை வெளியிடப்பட்டது. பாப்காக் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. கருவியை எந்த நிறுவனமும் செய்து விற்கலாம், எந்த ஆலையும் வாங்கிப் பயன்படுத்தலாம் என்று விடப்பட்டதால், சில ஆண்டுகளில் அது அமெரிக்கா முழுவதிலும் பிற நாடுகளிலும் பரவியது. பைபிளைவிட இந்தக் குப்பியே பால்காரர்களை நேர்மையாளர்களாக்கியது என்று அக்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லப்பட்டதுண்டு. கலப்படம் ஒழிந்ததைவிடப் பெரிய விளைவு வேறொன்று: எந்தப் பசு தின்னும் தீவனத்துக்கு ஈடாகப் பால் தருகிறது, எது வெறுமனே தின்றுகொண்டிருக்கிறது என்பதை உழவரே தம் கொட்டகையில் அளந்து அறிய முடிந்தது, நல்ல மாடுகளைத் தெரிந்தெடுத்துப் பெருக்கும் வழி அதனால் பிறந்தது. 1915 வாக்கில் பால்பொருள் உற்பத்தியில் விஸ்கான்சின் நாட்டின் முதல் மாநிலமாயிற்று; இன்றும் அம்மாநில வாகனங்களின் எண் பலகையில் பால்பண்ணை நாடு என்ற அடைமொழி பொறிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பால் ஊற்றுவோருக்கு, கொழுப்பை அளந்து விலை தரும் இந்தக் கொள்கை புதிதன்று. கொழுப்பையும், கொழுப்பு நீங்கிய திடச்சத்தையும் பார்த்து விலை போடும் முறையில் நெடுங்காலம் வழங்கிவந்தது, பாப்காக்கின் காலத்திலேயே சுவிட்சர்லாந்தில் நிக்லாஸ் கெர்பர் இதே கந்தக அமிலத்தையும் மையவிலக்கையும் கொண்டு வகுத்த முறை; மின்னணுக் கருவிகள் வந்தது அண்மைக் காலத்தில்தான்.

பாப்காக்கின் வேறொரு ஐயம் இன்னும் ஆழமான இடத்துக்குக் கொண்டுசென்றது. வேதியியல் பகுப்பில் புரதமும் மாவுச்சத்தும் கொழுப்பும் சமமாக இருந்தால் எந்தத் தீவனமும் ஒன்றுக்கொன்று ஈடாகும் என்று அக்கால அறிவியல் நம்பியது. மாடுகளோடு பழகிய பாப்காக்குக்கு அது சரியாகப் படவில்லை. அவருடைய தூண்டுதலால் 1907-இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடந்த ஆய்வில், பதினாறு கிடேரிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவுக்கு மக்காச்சோளச் செடியிலிருந்து மட்டும், ஒன்றுக்குக் கோதுமையிலிருந்து மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸிலிருந்து மட்டும், கடைசிக் குழுவுக்கு மூன்றும் கலந்து தீவனம் கொடுக்கப்பட்டது. பகுப்பாய்வுக் கணக்கில் நான்கும் சமம். ஆனால் மக்காச்சோளம் தின்றவை பளபளப்பாக வளர்ந்து நல்ல கன்றுகளை ஈன்றன. கோதுமை தின்றவை மெலிந்து, அவற்றின் கன்றுகள் குறைமாதத்தில் பிறந்து மடிந்தன. பகுப்பாய்வுக்குச் சிக்காத ஏதோ ஒன்று உணவில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு இது இட்டுச்சென்றது. அந்தக் குழுவில் இருந்த எல்மர் மெக்காலம், மாடுகளைவிட விரைவில் வளர்ந்து பெருகும் எலிகளுக்கு மாறி, மார்கரீட் டேவிஸோடு சேர்ந்து 1913-இல் வெளியிட்ட கண்டுபிடிப்புதான் பின்னர் வைட்டமின் ஏ என்று பெயர்பெற்றது. தீவனம் பற்றிய நடைமுறைக் கேள்வி ஒன்று உலகின் சத்துணவு அறிவியலையே திருப்பிவிட்டது என்பதை, பயன்படு ஆராய்ச்சியையும் அடிப்படை ஆராய்ச்சியையும் வெவ்வேறு சாதிகளாகப் பிரித்துப் பேசுவோர் கவனிக்க வேண்டும்.

இந்த நடைமுறைக்கு ஒரு கொள்கை வடிவம் தந்தவர் சார்லஸ் வான் ஹைஸ். விஸ்கான்சின் பண்ணை ஒன்றில் பிறந்து, அதே பல்கலைக்கழகத்தில் படித்து நிலவியலாளரான அவர் 1903 முதல் 1918-இல் இறக்கும் வரை அதன் தலைவராக இருந்தார். அவருடன் ஒரே வகுப்பில் பட்டம் பெற்ற ராபர்ட் லாஃபாலெட் அப்போது மாநில ஆளுநர். பல்கலைக்கழகத்தின் நற்பயன் மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் சென்றடையும் வரை தமக்கு மனநிறைவு இல்லை என்ற கருத்தை வான் ஹைஸ் வெளிப்படையாக அறிவித்தார். பல்கலைக்கழகத்தின் எல்லை என்பது மாநிலத்தின் எல்லையே என்று அது பின்னாளில் சுருக்கிச் சொல்லப்பட்டது. 1912-இல் சார்லஸ் மெக்கார்த்தி எழுதிய நூலின் தலைப்பாகவும் அமைந்த 'விஸ்கான்சின் கருத்து' என்ற பெயரே இக்கொள்கைக்கு நிலைத்தது. பேராசிரியர்கள் சட்டம் வரைவதற்கு உதவினார்கள்; 1903-இல் அமைந்த பொதுச் சுகாதார ஆய்வகம் பல்கலைக்கழகத்தோடு இணைந்து செயல்பட்டு, ஊர்களின் குடிநீரையும் நோய்க்கிருமிகளையும் சோதித்தது; 1907-இல் விரிவாக்கத் துறை புத்துயிர் பெற்று அஞ்சல்வழிப் படிப்புகளை நடத்தியது. விரிவாக்கம் என்பது வளாகத்துக்கு வர இயலாதவரிடம் பல்கலைக்கழகமே செல்வதைக் குறிக்கும். 1914-இல் நாடு முழுமைக்கும் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் மாவட்டந்தோறும் வேளாண் அலுவலரை அமர்த்தி இதை நிலைப்படுத்தியது.

வானொலி வந்தபோது, நேரில் சென்று எட்ட முடியாத பண்ணைகளையும் எட்டும் வழி கிடைத்தது. இயற்பியல் துறையின் ஏர்ல் டெர்ரியும் அவருடைய மாணவர்களும், கடையில் வாங்கக் கிடைக்காத வெற்றிடக் குழாய்களை ஆய்வகத்திலேயே கண்ணாடி ஊதிச் செய்து, 9எக்ஸ்எம் என்ற சோதனை நிலையத்தை நடத்தினர். முதலில் தந்திக் குறியீட்டில் வானிலை அறிவிப்புகள் சென்றன. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் குரலும் இசையும் ஒலிபரப்பாகத் தொடங்கின. 1922-இல் டபிள்யூ.ஹெச்.ஏ. என்ற பெயரில் உரிமம் பெற்ற அந்த நிலையம் வானிலையையும் சந்தை விலையையும் சொல்லியது. நாளை உறைபனி வருமா, இன்று பன்றி என்ன விலை போகிறது என்பவை ஒரு பண்ணைக்கு எவ்வளவு பெரிய செய்திகள் என்பதை நகரத்தார் எளிதில் உணரமாட்டார்கள். 1931 முதல் 'வான்வழிப் பள்ளி' என்ற பெயரில் ஒற்றை அறை கொண்ட கிராமப் பள்ளிகளுக்கு ஓவியமும் இசையும் இயற்கை அறிவும் வானொலியில் கற்பிக்கப்பட்டன. 1933-இல் வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியராகச் சேர்ந்த ஆல்டோ லியோபோல்ட், பின்னாளில் சூழலியல் சிந்தனையாளராக உலகப் புகழ் பெற்றவர், பண்ணை நிலத்தில் பறவைகளையும் விலங்குகளையும் காப்பது பற்றி இதே நிலையத்தின் வழியாக உழவர்களிடம் பேசியிருக்கிறார்.

சொல்லும் வழி மட்டும் இருந்தால் போதாது, கேட்கும் செவியும் வேண்டும் என்பதற்கு 1933-ஆம் ஆண்டின் பனிக்கால நிகழ்ச்சி ஒன்று சான்று. சுவீட் குளோவர் என்னும் மணமுள்ள தீவனச் செடியை உலர்த்திச் சேமித்து மாடுகளுக்குப் போடும்போது, அது ஈரத்தில் பூசணம் பிடித்திருந்தால் மாடுகள் இரத்தப்போக்கால் மடிவதுண்டு. கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் 1920-களின் தொடக்கத்திலேயே இதைக் கண்டறிந்திருந்தார் என்றாலும், பூசணம் பிடித்த தீவனத்தில் இருக்கும் நஞ்சு எது என்று தெரியவில்லை. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் கெட்ட தீவனத்தைக் கொட்டிவிட்டு வேறு வாங்கும் வசதியும் உழவர்களுக்கு இல்லை. டீர் பார்க் என்ற ஊரைச் சேர்ந்த உழவர் ஒருவர், செத்த கிடேரி ஒன்றையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், ஏறக்குறைய நூறு பவுண்டு கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் 190 மைல், அதாவது முந்நூறு கிலோமீட்டர் கடந்து மாடிசனுக்கு வந்தார். அன்று சனிக்கிழமை, மாநிலக் கால்நடை மருத்துவ அலுவலகம் மூடியிருந்தது. திறந்திருந்த ஒரு கதவு உயிர்வேதியியல் பேராசிரியர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்துடையது.

அந்த வேளையில் லிங்க்கால் சொல்ல முடிந்தது, தீவனத்தை மாற்றுங்கள் என்பது மட்டுமே. ஆனால் அந்தக் கேன் இரத்தம் அவருடைய ஆய்வகத்தின் வேலைத்திட்டத்தையே மாற்றியது. ஆறு ஆண்டு உழைப்புக்குப் பின் 1939-இல் அவருடைய குழுவினர் அந்த நஞ்சைத் தனியே பிரித்தெடுத்தனர். செடிக்கு மணம் தரும் கூமரின் என்ற பொருளைப் பூசணம் மாற்றுவதால் அது உருவாகிறது. இரத்தம் உறைவதற்குத் துணைசெய்யும் வைட்டமின் கே-யின் வேலையை அது தடுக்கிறது. டைகூமரால் எனப் பெயரிடப்பட்ட அதே பொருள், இரத்தக் குழாயில் தேவையற்ற கட்டி உறையாமல் தடுக்கும் மருந்தாயிற்று. அதன் வழியில் லிங்க்கின் ஆய்வகத்தில் உருவான இன்னொரு சேர்மம் 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது; மறு ஆண்டு மாரடைப்புக்கு ஆளான அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் கொடுக்கப்பட்டது. அதுவே வார்ஃபரின். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள் தமிழ்நாட்டிலும் நாள்தோறும் உட்கொள்ளும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளில் இதுவும் இதன் இனத்தைச் சேர்ந்தவையுமே முதன்மையானவை.

வார்ஃபரின் என்ற பெயரின் முற்பகுதி, விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது. அந்த அறக்கட்டளை பிறந்த வரலாறு, பகிர்தலின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. மேலே சொன்ன ஒற்றைத் தானியத் தீவன ஆய்வில் இளைஞராகப் பணியாற்றிய ஹாரி ஸ்டீன்பாக், உணவுப் பொருள்கள் மீது புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அவற்றில் வைட்டமின் டி உண்டாகிறது என்பதை 1920-களின் நடுவே நிறுவினார். வைட்டமின் டி குறைவால் குழந்தைகளின் கால் எலும்புகள் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய், வெயில் குறைந்த வட நாடுகளின் நகரங்களில் அப்போது மலிந்திருந்தது. ஓட்ஸ் உணவு நிறுவனம் ஒன்று பெருந்தொகைக்கு இம்முறையை வாங்க முன்வந்தும் ஸ்டீன்பாக் தமக்கென்று அதை விற்கவில்லை. பாப்காக்கைப் போல எல்லாருக்கும் திறந்தும் விடவில்லை. காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1925-இல் முன்னாள் மாணவர்கள் அமைத்த அறக்கட்டளையிடம் அதை ஒப்படைத்தார். உரிமத் தொகையில் கிடைக்கும் வருவாய் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே திரும்பும் என்பது ஏற்பாடு.

தரமற்ற பொருளை யாரும் விற்றுவிடாமல் தடுக்கக் காப்புரிமை தேவை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதில் நியாயமும் உண்டு. மற்றொரு காரணம் அவ்வளவு தூயதன்று. வெண்ணெய்க்கு மாற்றாக மலிவு விலையில் விற்ற மார்கரினில் வைட்டமின் டி சேர்க்கப்பட்டால் விஸ்கான்சினின் வெண்ணெய் விற்பனை அடிபடும் என்பதால், மார்கரின் நிறுவனங்களுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. மார்கரின் யாருடைய உணவு? வெண்ணெய் வாங்க வசதியில்லாத ஏழைகளின் உணவு. ரிக்கெட்ஸ் நோயும் மிகுதியாக அவர்களுடைய பிள்ளைகளையே தாக்கியது. தன் மாநில உழவரைக் காக்கும் பொருட்டு ஒரு பல்கலைக்கழகக் கண்டுபிடிப்பு பிற மாநில ஏழைக் குழந்தைக்கு எட்டாமல் வைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்ததில் வியப்பில்லை. 1940-களின் நடுப்பகுதியில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், சூரிய ஒளி காலங்காலமாகச் செய்துவரும் வேலைக்குக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, இந்த மறுப்பையும் கண்டிக்கும் தொனியில் குறிப்பிட்டது. பொதுமக்கள் என்ற வட்டத்தை மாநில எல்லையோடு வரைந்துகொண்ட கொள்கையின் குறை இங்கே வெளிப்பட்டது.

அதற்காக அறக்கட்டளையை வில்லனாக்கிவிடுவதும் சரியாகாது. வைட்டமின் டி சேர்த்த பால் பரவலானதால் அமெரிக்காவில் ரிக்கெட்ஸ் ஏறத்தாழ மறைந்தது. காப்புரிமை வருவாய், பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அரசு நிதி வற்றியபோது ஆராய்ச்சியைக் காப்பாற்றியது. வார்ஃபரின் உருவானதும் அந்தப் பணத்தில்தான். ஆனாலும் அதே கேள்வி மீண்டும் எழாமல் இல்லை. 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் மாடிசனில் மனிதக் கருவின் மூலச் செல்களை, அதாவது உடலின் எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய தொடக்கநிலைச் செல்களை, முதன்முதலாகப் பிரித்து வளர்த்தபோது அதற்கான காப்புரிமையும் இவ்வறக்கட்டளையிடமே சென்றது. மற்ற ஆய்வாளர்களின் கையை அது கட்டுகிறது என்று பொதுநல அமைப்புகள் எதிர்த்த பின், கல்வி நிறுவனங்களுக்கான விதிகள் 2007-இல் தளர்த்தப்பட்டன. பொதுப்பணத்தில் கண்டறிந்தது எல்லாருக்கும் இலவசமாகப் போக வேண்டுமா, விலை வைத்து அந்த வருவாயை ஆராய்ச்சிக்குத் திருப்ப வேண்டுமா என்பதில் பாப்காக்கின் வழியே பொதுமக்களுக்கு நெருக்கமானது. ஸ்டீன்பாக்கின் வழியை ஏற்கும் நிறுவனம், யாருக்கு உரிமம் மறுக்கப்படுகிறது என்பதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

இன்றைய மாடிசனில் பகிர்தலின் கண்ணுக்குத் தெரியும் பக்கம் செழிப்பாகவே இருக்கிறது. லெபனானில் பிறந்த வேதியியலாளர் பஸ்ஸாம் ஷகாஷிரி 1970 முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் நடத்திவந்த செயல்முறை விளக்க உரையும், 1984-இல் கிளின்ட் ஸ்ப்ராட் தொடங்கிய இயற்பியல் விந்தைகள் நிகழ்ச்சியும் அரங்கை நிரப்பிவந்தவை. புதன்கிழமை இரவுகளில் ஆய்வாளர் ஒருவர் தம் பணியைப் பொதுமக்களுக்கு விளக்கும் வாராந்தர உரை 2006 முதல் நடக்கிறது. இவற்றைவிட அமைதியாக, வீட்டில் கண்ட பூச்சி என்ன, தோட்டத்துச் செடி ஏன் வாடுகிறது, நிலத்து மண்ணில் என்ன குறை என்று மாதிரியை அனுப்பிக் கேட்போருக்கு விடை சொல்லும் ஆய்வகங்கள் இயங்குகின்றன. அரங்கின் கைதட்டலுக்குக் கிடைக்கும் செய்தித்தாள் இடம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. எனினும் லிங்க்கின் கதவுக்கு நேர் வாரிசுகள் இவைதாம்.

2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆளுநர் ஸ்காட் வாக்கர் முன்வைத்த வரவுசெலவுத் திட்டம், பல்கலைக்கழக அமைப்புக்கான நிதியில் இரண்டு ஆண்டுகளில் 30 கோடி டாலரைக் குறைக்க முனைந்ததோடு, அதன் நோக்கத்தை வரையறுக்கும் சட்டப் பிரிவில் வளாக எல்லைக்கு அப்பால் அறிவைக் கொண்டுசெல்வது, உண்மையைத் தேடுவது என்னும் பொருள்படும் தொடர்களை நீக்கிவிட்டு, மாநிலத்தின் வேலையாள் தேவையை நிறைவுசெய்வது என்ற தொடரைச் சேர்த்திருந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அது எழுத்துப்பிழை போன்றதொரு தவறு என்று விளக்கமளிக்கப்பட்டு அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரபு ஒன்றைச் சில வரிகளின் அடித்தலால் சட்டத்திலிருந்து எடுத்துவிட முடியும் என்பதையும், அதைக் கேட்பாரற்றுச் செய்துவிட முடியாது என்பதையும் அந்த நிகழ்ச்சி ஒருசேரக் காட்டியது.

இந்திய வேளாண் பல்கலைக்கழகங்கள் இதே நிலக்கொடை மாதிரியைப் பின்பற்றியே அமைக்கப்பட்டவை. முதலாவது 1960-இல் பந்த்நகரில் நிறுவப்பட்டது; கோயம்புத்தூரின் பழைய வேளாண்மைக் கல்லூரி 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் அப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலேயே தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் அத்தகைய நிலையங்கள் எழுநூறுக்கு மேல் இருக்கின்றன. புதிய விதையையும் நுட்பத்தையும் உழவரிடம் கொண்டுசேர்ப்பதில் அவை ஆற்றிவரும் பணி பெரிது. ஆனால் அங்கே வரும் கேள்வி ஆய்வகத்தின் வேலைத்திட்டத்துக்குள் நுழைய வேண்டுமானால், கேள்வி கேட்பவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். பயிரில் இனம் தெரியாத நோய் கண்டவரும், மாடு காரணம் தெரியாமல் மெலிவதைக் காண்பவரும், மருந்துக்கடைக்காரர் சொன்னதை வாங்கித் தெளிப்பதற்கு முன், பாதித்த இலையையோ ஒரு கை மண்ணையோ எடுத்துக்கொண்டு தங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையத்துக்கோ செல்வது நல்லது. உடனே விடை கிடைக்காவிட்டாலும் கேள்வியைப் பதிவு செய்துவிட்டு வர வேண்டும்.